பெருந்தொற்றுக் காலத்தில் வேலை தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020-ல் நடந்த ஆள்குறைப்பில் எனக்கும் வேலை போனது. அடுத்த வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் நான் பிறரிடம் கேட்ட கேள்விகளும், அதன் பிறகு வேலை தேடியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குக் கைகொடுத்ததையும், செய்யத் தவறிப் பிறகு வருந்தியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வேலை போனதிலிருந்து, குறை என்னிடம்தான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையா?

இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது 2020 மார்ச் 11 அன்று. அந்த ஓர் ஆண்டில் உலகம் இழந்த வேலை நேரம் 8.8 சதவீதம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. 25.5 கோடி பேர் முழுநேரம் பார்க்கும் வேலைக்கு அது சமம். அமெரிக்காவில் பிப்ரவரியில் 3.5 சதவீதமாக இருந்த வேலையின்மை ஏப்ரலில் 14 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டே மாதத்தில் அத்தனை பேருக்கும் திறமை போய்விடுமா?

இப்படிப்பட்ட காலத்தில் யாருக்கு வேலை போகிறது என்பதை, அவர் எந்தத் தொழிலில் இருந்தார் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. விமானம், ஹோட்டல், சுற்றுலா, திரையரங்கு என்று ஆட்கள் கூடும் தொழில்கள் எல்லாம் சில வாரங்களில் நின்றுபோயின. அதே மாதங்களில் இணைய விற்பனைக்கும் பொருள் விநியோகத்துக்கும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புத்திக்கு இது புரிந்தாலும் மனம் கேட்காது. மூன்று வாரம் நான் பழைய மின்னஞ்சல்களை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ, அந்த ரிப்போர்ட்டை ஒரு நாள் முன்னால் கொடுத்திருக்கலாமோ என்று. கடைசியில் ஒரு நோட்டை எடுத்து, அந்த வேலையில் நான் செய்து முடித்தவற்றை எழுத ஆரம்பித்தேன். எந்தச் சிக்கலைத் தீர்த்தேன், அதனால் எவ்வளவு நேரம் மிச்சமானது, யாருக்குக் கற்றுக்கொடுத்தேன். நான்கு பக்கம் வந்தது. மனதைத் தேற்றிக்கொள்ள எழுதியதுதான், ஆனால் ரெஸ்யூமேக்கு வேண்டிய சரக்கு முழுவதையும் பிறகு அதிலிருந்தே எடுத்தேன். வேலை போன முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். ஆறு மாதம் போனால் எண்களும் விவரங்களும் மறந்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தேட வேண்டும்?

மூன்று மணி நேரம், மிஞ்சிப்போனால் நான்கு. வேலை தேடுவதே ஒரு முழுநேர வேலை என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு மணி நேரம் திரை முன்னால் உட்கார்ந்தால் முதல் மூன்று மணி நேரம்தான் தேடல் நடக்கும். மீதி நேரம் அதே பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலும், நடுநடுவே தொற்று எண்ணிக்கையைப் பார்ப்பதிலும் போகும். இரவில் களைப்பு மட்டும் மிஞ்சும், எதுவும் செய்த திருப்தி இருக்காது.

மணிக்கணக்கைவிட, நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். ஆஸ்திரியாவில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய், வேலை இழந்தவர்களின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்தார்கள். கையில் நேரம் கூடிவிட்டதே, இனி நிறையப் படிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடை மெதுவாகியிருந்தது, பலர் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். வீட்டு வேலை ஓயாததால் பெண்களின் நாள் மட்டும் ஓரளவு உருக்குலையாமல் இருந்தது.

சம்பளம் போக, வேலை நமக்கு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யஹோதா பிற்காலத்தில் விளக்கினார். நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே உள்ள மனிதர்கள், பலர் சேர்ந்து இயங்கும் ஒரு நோக்கம், இவர் இன்னார் என்ற அடையாளம், கைக்கு ஓயாத செயல். வேலை போகும்போது இவை எல்லாம் சேர்ந்தே போகின்றன. மற்ற காலமாக இருந்தால் வெளியே போய் நாலு பேரைப் பார்த்து ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளலாம். ஊரடங்கில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் நாமே திட்டமிட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் ஏற்பாடு இதுதான். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தேடல். பன்னிரண்டுக்கு லேப்டாப்பை மூடிவிட வேண்டும், பாதி எழுதிய விண்ணப்பம் இருந்தாலும் சரி. மதியம் கையால் செய்கிற ஏதாவது ஒரு வேலை. மாலையில் ஒருவரோடு ஃபோனில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தேடல் கிடையாது. உங்கள் நேரங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் முடிக்கும் நேரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நாள் முழுவதும் குற்றவுணர்ச்சி கூடவே வரும்.

படுக்கையை விட்டு எழவே மனமில்லாத நாளில் என்ன செய்வது?

அன்றைக்கு மூன்று மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு சின்ன வேலை போதும்: ஒருவருக்கு ஒரு செய்தி, ரெஸ்யூமேயில் ஒரு வரி. நான் முந்தின இரவே அடுத்த நாளின் முதல் வேலையை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேல் வைத்துவிடுவேன். காலையில் யோசிக்க வேண்டியதில்லை, தாளில் உள்ளதைச் செய்தால் போதும். அப்படி ஆரம்பித்த நாட்களில் பாதி, சாதாரண நாளாகவே முடிந்தன.

ஐம்பது, அறுபது இடங்களுக்கு விண்ணப்பித்தும் பதிலே வருவதில்லை. எதை மாற்றுவது?

அந்த மௌனத்தில் ஒரு பகுதிக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. நெருக்கடிக் காலத்தில் விளம்பரம் வந்த பிறகு ஆள் எடுப்பதையே நிறுத்திவைப்பார்கள், விளம்பரத்தை நீக்க மறந்துவிடுவார்கள், ஹெச்.ஆர். ஊழியரே வேலை இழந்திருப்பார். நான் விண்ணப்பித்த ஒரு நிறுவனத்திலிருந்து ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பதவியையே எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்து மாதமும் நான் அதை என் தோல்விக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

மீதிப் பகுதி உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பதிவேடு வேண்டும். தேதி, நிறுவனம், பதவி, எந்த ரெஸ்யூமே அனுப்பினீர்கள், யார் மூலம், என்ன ஆயிற்று. இவ்வளவு போதும். இருபது, முப்பது வரி சேர்ந்ததும் எங்கே அடைபடுகிறது என்று தெரிந்துவிடும். அழைப்பே வரவில்லை என்றால் சிக்கல் ரெஸ்யூமேயில், அல்லது நீங்கள் தேர்ந்தெடுக்கும் பதவிகளில். முதல் சுற்றோடு நின்றுபோனால் பேச்சைத் தயார் செய்ய வேண்டும். கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பினால், உண்மையில் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். எதையும் பெரிதாக மாற்றாமல் தொடருங்கள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. பதிவேடு இல்லாதபோது, எல்லாமே ஒரே பெரிய தோல்வி போல மனதில் கிடக்கும்.

எண்ணிக்கையைக் குறைக்கவும் பயப்படாதீர்கள். ஒரே ரெஸ்யூமேயை நாற்பது இடங்களுக்கு அனுப்புவதைவிட, வாரத்துக்கு ஐந்தாறு இடங்களுக்கு, அவர்கள் விளம்பரத்தில் கேட்டிருப்பதையும் நீங்கள் செய்திருப்பதையும் நேருக்கு நேர் பொருத்தி எழுதி அனுப்புவது நல்லது. எனக்கு வந்த அழைப்புகள் எல்லாமே அப்படி எழுதிய விண்ணப்பங்களுக்கு வந்தவை. விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் வைத்திருக்கும் நிறுவனங்களில் விளம்பரத்தில் உள்ள அதே சொற்களைத் தேடுவார்கள் என்பதால், நீங்கள் உண்மையிலேயே செய்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

தெரிந்தவர்களிடம் வேலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவே இல்லை. அந்த எட்டு மாதத்தில் நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1970-களின் தொடக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: தகவல் சொன்ன அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. மற்ற எல்லோருக்கும் எப்போதாவது அல்லது மிக அரிதாகப் பார்க்கும் ஒருவர்தான் வழி காட்டியிருந்தார். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். நாலு வருடம் முன்னால் கூட வேலை பார்த்து வேறிடம் போனவர், நாம் பார்க்க முடியாத ஓர் உலகத்தில் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் வேலை போய்விட்டது என்று சொல்வதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்கிறவர் வீட்டிலும் ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கும்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "வணக்கம். நலமா? வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? இரண்டு மாதம் முன்னால் ஆள்குறைப்பில் என் வேலை போனது. இப்போது கணக்கு, தணிக்கை சார்ந்த பணி தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கம் இந்தத் துறை எப்படி இருக்கிறது என்று பத்து நிமிடம் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் அழைக்கிறேன்." வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலை கொடுக்கும் அதிகாரம் பலரிடம் இருக்காது. அதைக் கேட்டால் தர்மசங்கடப்பட்டு விலகிவிடுவார்கள். தகவல் எல்லோரிடமும் இருக்கும். வாரத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால் கூச்சமும் மெல்லக் கரைந்துவிடும்.

இந்த நேரத்தில் புதிதாக ஏதாவது படிக்க வேண்டுமா?

நீங்கள் விரும்பும் பதவிக்கான விளம்பரங்களில் குறைந்தது இருபதைப் படித்துப் பாருங்கள். உங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று பாதிக்கும் மேற்பட்டவற்றில் வந்தால் அதைப் படியுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். பாதியில் விட்ட ஐந்து இணையப் படிப்புகளைவிட, படித்ததை வைத்துச் செய்து காட்டிய ஒரு சிறிய வேலை, நேர்காணலில் பேசுவதற்கு ஆதாரமாக இருக்கும். ஊரடங்கு கிடைத்ததே, மூன்று மொழி கற்றுக்கொள்ளக் கூடாதா என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இது விடுமுறை இல்லை.

வீடியோ நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் ஒரு நாளில் கலந்துகொண்டவர்கள் அதிகபட்சம் 1 கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடி. அதாவது எதிரில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் அதற்குப் புதியவர்கள்தான். சின்னத் தடங்கல்களை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது, ஃபோனிலிருந்து மீண்டும் இணைந்தேன். எதிரில் இருந்தவர் இயல்பாக எடுத்துக்கொண்டார்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரட்டும், கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். முந்தின நாளே ஒரு நண்பரை அழைத்துக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். படத்தைவிடக் குரல் முக்கியம். நேரில் இருப்பதைவிடக் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், அவர்கள் கேட்டு முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள். இருவர் குரலும் மோதிக்கொள்ளாது. சொல்ல வேண்டிய நான்கைந்து குறிப்புகளைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். வீடியோவில் கிடைக்கும் சலுகை அது.

ரெஸ்யூமேயில் இடைவெளி விழுந்துவிட்டதே?

இடைவெளி நீண்டால் அழைப்புகள் குறைவது உண்மைதான். அமெரிக்காவில் 100 நகரங்களில் சுமார் 3,000 வேலைகளுக்கு ஏறக்குறைய 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட அழைப்புகள் குறைந்தன, முதல் எட்டு மாதத்தில்தான் பெரும்பாலான சரிவு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வேலையின்மை அதிகமாக இருந்த ஊர்களில் இந்தப் பாரபட்சம் குறைவாக இருந்தது. எல்லோருக்கும் வேலை கிடைக்கும் காலத்தில் ஒருவர் சும்மா இருந்தால்தான் சந்தேகம் வருகிறது.

ஆகவே மறைக்க வேண்டாம், தேதிகளை வளைக்கவும் வேண்டாம். "2020 ஜூனில் ஆள்குறைப்பில் பணி முடிந்தது" என்று ஒரு வரி. அந்த மாதங்களில் பகுதிநேரமாகவோ தன்னார்வமாகவோ ஏதாவது செய்திருந்தால் அடுத்த வரி. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டீர்களா, அதையும் தயங்காமல் சொல்லலாம்.

தகுதிக்குக் குறைந்த வேலையையோ குறைந்த சம்பளத்தையோ ஏற்றுக்கொள்ளலாமா?

முதலில் உட்கார்ந்து, கையில் உள்ள பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று வீட்டாரோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். அந்த எண் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இரண்டு மாதத்துக்குத்தான் வரும் என்றால் கிடைப்பதை ஏற்றுக்கொண்டு, அங்கிருந்தபடியே தேடலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும் என்றால், ஏற்கும் வேலை உங்களுக்கு எதையாவது கற்றுத்தருமா, தேடுவதற்கு நேரமும் தெம்பும் மிச்சம் வைக்குமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

வந்திருக்கும் வேலை உண்மையானதா என்று எப்படித் தெரியும்?

வேலை கொடுப்பதற்கு முன்னால் பணம் கேட்டால் அது மோசடி. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அப்படித்தான். நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வந்தாலும், ஓடிபி கேட்டாலும், இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று நெருக்கினாலும் நிறுத்திவிடுங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். கையில் பணம் இல்லாதவரைக் குறிவைக்கும் இந்தக் கொடுமையில் வெட்கப்பட வேண்டியது ஏமாந்தவர் இல்லை.

"இன்று ஏதாவது வந்ததா?" என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். தாங்க முடியவில்லை.

அவர்களுக்கும் பயம், அதை வெளிக்காட்டத் தெரிந்த விதம் அதுதான். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் வைத்து, நீங்களாகவே முழு நிலவரத்தையும் சொல்லிவிடுங்கள். என் வீட்டில் சனிக்கிழமை மாலை. பதிவேட்டைத் திறந்து காட்டுவேன். இரண்டாவது வாரத்திலிருந்து தினசரிக் கேள்வி நின்றது. நான் சும்மா இல்லை என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் என் மீதிருந்த பாரமும் குறைந்தது.

நம்பிக்கையோடு இருங்கள் என்கிறார்கள். அது எப்படி?

நல்ல வேலை கிடைத்துவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்வது நம்பிக்கை இல்லை. உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் ஜெர்மனியில் படிப்பை முடித்து வேலைக்குப் போகவிருந்த பட்டதாரிகளை இரண்டு ஆண்டு கவனித்தார். இனிமையான கற்பனைகளில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், வேலை வாய்ப்புகளும் குறைவாக வந்தன, சம்பளமும் குறைவு. தன் கடந்த கால அனுபவத்தை வைத்து, "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். இரண்டும் பார்க்க ஒன்று போலத் தோன்றும். ஒன்று கனவிலேயே வயிறு நிறைந்துவிடுவது, மற்றது செய்ததை நினைத்து அடுத்த அடி வைப்பது. நான் முதலில் சொன்ன நான்கு பக்க நோட்டை மனம் சோர்ந்தபோதெல்லாம் எடுத்துப் படித்தது இதற்காகத்தான்.

கோபத்தையும் வருத்தத்தையும் அடக்கிக்கொண்டு சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆள்குறைப்பில் வேலை இழந்த பொறியாளர்கள் சிலரிடம், ஐந்து நாள், தினம் 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் உள்ளதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வு 1994-ல் வெளியானது. எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது, இத்தனைக்கும் அவர்கள் அதிகமாக விண்ணப்பிக்கவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருப்பது நேர்காணலில் வெளியே வராமல் போனதே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததைக் கிழித்துப் போட்டாலும் சரிதான்.

தூக்கமே இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

தயவுசெய்து இதை இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர், நண்பர், மருத்துவர், தற்கொலைத் தடுப்பு உதவி எண், யாராக இருந்தாலும் சரி. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். வேலை தேடுவதை அதுவரை நிறுத்திவைக்கலாம்.

வேலை கிடைத்த பிறகு?

உதவியவர்களுக்கெல்லாம் அன்றே சொல்லிவிடுங்கள். பேசிய பத்து நிமிடம் வேலையாக மாறாமல் போனவர்களுக்கும் சேர்த்து. என் பதிவேட்டில் அப்படிப் பதினேழு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். நான்கு பேர் உடனே பதில் போட்டார்கள். அதில் ஒருவர் தனக்கும் வேலை போய்விட்டது, பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டிருந்தார். அன்று மாலையே அழைத்தேன்.